வேலைக்குப் போய்க்கொண்டே சென்னையின் பெருங்கட்டடங்களைப் படம் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அலுவலக வேலையில் இருப்பவருக்குப் புகைப்படம் எடுக்க நேரமில்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பறவைகளைப் படம் எடுக்க வேடந்தாங்கல் போக வேண்டும், மலையை எடுக்க லீவு போட வேண்டும். கட்டடத்துக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் தினமும் கடந்துபோகிற சாலையில்தான் அது நிற்கிறது. இந்த வாரம் மழை பெய்தால் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். அலுவலகம் தொடங்கும் முன் ஒரு மணி நேரம், முடிந்தபின் அரை மணி நேரம் என்று வெளிச்சம் நன்றாக இருக்கும் இரண்டு வேளைகளும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் அதிக இடம் அதற்குத்தான். சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கும் முறை இதுவே. திசைகளையும் சாலைகளையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் வழியில் உள்ள ஒரே ஒரு கட்டடம்

ஊரிலுள்ள எல்லாக் கட்டடங்களுக்கும் பட்டியல் போடாதீர்கள். வீட்டிலிருந்து அலுவலகம் போகிற வழியில், அதிகம் சுற்றாமல் இறங்கி ஏறக்கூடிய இடத்தில், ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். மின்சார ரயிலில் கடற்கரை வரை வருபவருக்கு ராஜாஜி சாலையும் பாரிமுனையும். சென்ட்ரலில் மாறுபவருக்கு ரிப்பன் மாளிகை, அதன் பக்கத்தில் விக்டோரியா ஹால், அடுத்து சென்ட்ரல் நிலையம். அண்ணா சாலை வழியே போகிறவருக்குப் பதினாலு மாடி எல்.ஐ.சி. தரமணிப் பக்கம் வேலை என்றால் டைடல் பார்க்கும் ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்களும்.

தேர்ந்தெடுத்ததும் அதன் கதையைக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்தால் கண் வேறு மாதிரி பார்க்கும். எல்.ஐ.சி. கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். 1953இல் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியது. லண்டனைச் சேர்ந்த பிரவுன், மூலின் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்தார்கள். அவர்கள் பாதியில் விலகியபின் எல்.எம். சிதலே முடித்துக் கொடுத்தார். இடையில் 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனதால், 1959 ஆகஸ்டில் திறக்கும்போது அது எல்.ஐ.சி. கட்டடம் ஆகிவிட்டது. 177 அடி உயரம். அன்றைக்கு நாட்டிலேயே உயரமானது. இதைத் தெரிந்துகொண்டு போனால், இன்று அதைவிட உயரமாக எழுந்துவிட்ட நகரத்தின் நடுவே அதை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்விக்கு நீங்கள் தேடும் பதில்தான் படம்.

இரண்டாம் படி: திசை பாருங்கள்

செல்போனில் உள்ள திசைகாட்டியைத் திறந்து, கட்டடத்தின் முகப்புக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் முகம் பார்க்கும் திசைதான் கட்டடம் பார்க்கும் திசை. குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் இருக்கும்வரை இது மாறாது.

கிழக்கு பார்த்தவை காலைக்கானவை. ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கட்டடங்கள், கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1884இல் வந்த தலைமைத் தபால் நிலையம் உட்பட, கிழக்கு பார்த்தவை. காமராஜர் சாலையில் கடலைப் பார்த்து நிற்கிற மாநிலக் கல்லூரியும் விவேகானந்தர் இல்லமும் அப்படித்தான். சூரியன் கடலிலிருந்து எழுந்து நேராக இவற்றின் முகத்தில் அடிக்கும். உதயத்துக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் செங்கல்லும் சுண்ணாம்பும் நிறம் மாறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். மாலை ஆறு மணிக்கு இதே இடத்துக்கு வந்தால் கட்டடம் இருட்டாகவும் பின்னால் வானம் வெள்ளையாகவும் இருக்கும்.

தெற்கு பார்த்தவற்றில்தான் சுவாரசியம் அதிகம். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கோடையில் சூரியன் 23.4 பாகை வரை வடக்கே போகிறது. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூன் மாதத்தில் காலையிலிருந்து மாலைவரை வடக்குப் பக்கமாகவே நகர்ந்து மறையும். நேர் தெற்கு பார்த்த சுவரில் அந்த மாதம் வெயில் படவே படாது. டிசம்பரில் இதற்கு நேர் எதிர். நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 53 பாகை உயரத்தில்தான் இருக்கும். தெற்கு முகங்களில் நாள் முழுக்க வெயில் விழும்.

பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் வரிசையாக நிற்கிற ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், சென்ட்ரல் மூன்றும் ஏறக்குறைய தெற்கு பார்த்தவை. எனவே இவற்றுக்கு நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. காலை ஏழு மணி வாக்கில் தென்கிழக்கிலிருந்து வரும் வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும். வளைவுகள், தூண்கள், ஜன்னல் மேல் வேலைப்பாடுகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நிழல் விழுந்து, தட்டையாகத் தெரிந்த முகப்பு புடைத்துக்கொண்டு நிற்கும். வெயில் நேராக விழுவதைவிட இப்படிச் சாய்வாக விழுவதைத்தான் நான் எப்போதும் தேடுவேன்.

வடக்கு பார்த்த கட்டடங்களுக்கு மே, ஜூன், ஜூலை மாதங்கள்தான் வாய்ப்பு. அந்த மாதங்களில் காலை ஆறரைக்கும் மாலை ஆறு மணிக்கும் வடகிழக்கு, வடமேற்குப் பக்கங்களிலிருந்து வெயில் எட்டிப் பார்க்கும். அண்ணா சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து ஓடுவதால், அதன் ஒரு பக்கக் கட்டடங்களுக்குக் காலையும் மறுபக்கத்துக்கு மாலையும் பொருந்தும். வேலை முடிந்து வருகிறவருக்கு அது வசதியான சாலை.

நேரக் கணக்கும் கையோடு இருக்கட்டும். ஜூன் தொடக்கத்தில் சென்னையில் உதயம் 5.42 அளவில். ஜனவரி நடுவில் 6.35 அளவில். அலுவலகம் ஒன்பதரைக்கு என்றால் கோடையில் உங்களுக்கு நேரம் தாராளம். ஆனால் கோடையில் வெயில் ஏழரைக்குள் கடுமையாகிவிடும். மார்கழியில் எட்டு மணி வரைகூட இதமாக இருக்கும். போகி அன்று காலை மட்டும் புகைமூட்டம் ஊரை மறைத்துவிடும். தூரத்துக் கோபுரங்களை எடுக்க நினைப்பவர்கள் அன்று தூங்கலாம்.

மூன்றாம் படி: எவ்வளவு தூரத்தில் நிற்பது

உயரமான கட்டடத்தைக் கீழிருந்து எடுத்தால் மேலே போகப் போகக் குறுகி, பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். லென்ஸ் கெட்டுப்போனதால் அல்ல. போனை மேல்நோக்கிச் சாய்த்ததால்தான். போனைச் செங்குத்தாக, கட்டடச் சுவருக்கு இணையாகப் பிடித்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும்.

அப்படிப் பிடித்தால் உச்சி சட்டத்துக்குள் வராதே என்பீர்கள். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. போனின் சாதாரண 1 எக்ஸ் லென்ஸில், போனை நெட்டுவாக்கில் நேராகப் பிடித்தால், கட்டட உயரத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்றால் உச்சி உள்ளே வந்துவிடும். ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டு 132 அடி, அதாவது 40 மீட்டர். எனவே 60 மீட்டர் பின்னால் போக வேண்டும். எல்.ஐ.சி. 54 மீட்டர். அதற்கு 80 மீட்டர் வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சாலையாக இருக்கும். அதைப் பிறகு வெட்டிவிடலாம்.

அண்ணா சாலையில் எதிர்ச்சாரி நடைபாதைக்குப் போனாலும் 80 மீட்டர் கிடைக்காது. எனவே எதிரே நிற்பதை விட்டுவிட்டு, சாலையோடு நடந்து தள்ளிப்போய், சாய்வாகப் பாருங்கள். தூரமும் கிடைக்கும், கட்டடத்தின் இரண்டு பக்கங்களும் தெரியும், ஓடுகிற பேருந்துகளும் படத்துக்குள் வரும். எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது, நான்காவது மாடியில் நண்பர் யாராவது வேலை பார்த்தால், அந்த ஜன்னல் ஆயிரக்கணக்கில் விலை போகும் லென்ஸைவிட மேல். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்கள் ஏறிவிட்டால் போனைச் சாய்க்கவே தேவையில்லை. நடைமேம்பாலங்களும் இதற்கு உதவும். ஏறும் வழியை மறைக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

இடமே இல்லையென்றால் கொஞ்சம் சாய்த்து எடுத்துவிட்டுப் பிறகு திருத்தலாம். ஸ்நாப்சீட், லைட்ரூம் போன்ற படம் திருத்தும் செயலிகளில் இதற்கான வசதி இருக்கிறது. திருத்தும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். அதிகம் சாய்த்த படத்தைத் திருத்தப் போகாதீர்கள். மேல்மாடிகள் இழுபட்டு, கட்டடம் தலை பெருத்து நிற்கும். அந்த நிலையில் பாதிச் சாய்வைத் துறந்து, அடிவாரத்துக்கே போய் நேர்மேலே பாருங்கள். அரைகுறைச் சாய்வு பிழையாகத் தெரியும். முழுச் சாய்வு நீங்கள் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

நான்காம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

போன் போதும். ஏற்கெனவே கேமரா இருந்தால் 18–55 லென்ஸே போதும். கோடுகளை நேராக்குவதற்கென்றே லென்ஸை மேலே நகர்த்தும் வகை லென்ஸ்கள் உண்டு. 35 மி.மீ. கேமராவுக்கு அப்படியொன்றை நிக்கான் 1962இலேயே கொண்டுவந்தது. இந்தப் பொழுதுபோக்கு சில ஆண்டுகள் நிலைத்தபின் யோசிக்க வேண்டிய செலவு அது. மைக்ரோஃபைபர் துணி ஒன்று கட்டாயம். மெரினாப் பக்கம் உப்புக் காற்று லென்ஸில் படிந்து, படமெல்லாம் பால் ஊற்றியதுபோல் ஆகும்.

அலுவலகம் போகிறவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஏசியில் நாள் முழுக்கக் குளிர்ந்த போனையோ கேமராவையோ வெளியே எடுத்ததும் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் பனித்துவிடும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும். பையை மூடியே வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தபின் திறவுங்கள். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: வெள்ளை, சிவப்பு, கண்ணாடி

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கவே முயலும். ரிப்பன் மாளிகையின் வெள்ளைச் சுவர் சட்டம் முழுக்க நிறைந்தால், அதைக் கருக்கிச் சாம்பல் ஆக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள். அதே மாளிகை மரங்களுக்கும் சாலைக்கும் நடுவே சிறிதாகத் தெரிந்தால் நிலைமை தலைகீழ். கேமரா மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைச் சுவர் வெந்து வேலைப்பாடு மறைந்துவிடும். அப்போது 0.7 குறையுங்கள். பக்கத்திலேயே செங்கல் நிற விக்டோரியா ஹால் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில், ஒரே அமைப்பில் எடுத்துப் பாருங்கள். எக்ஸ்போஷர் பற்றி இதைவிட நல்ல பாடம் சென்னையில் வேறெங்கும் கிடைக்காது.

கேமரா வைத்திருப்பவர்கள் பகலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 என்று வைத்துவிட்டு மற்றதை மறக்கலாம். முடிந்தால் ரா கோப்பாக, அதாவது கேமரா தானாகத் திருத்தாத மூலக் கோப்பாக, எடுங்கள். போனில் அல்ட்ரா வைடை நம்ப வேண்டாம். ஓரங்களில் தூண்கள் வீங்கிவிடும். ஜூம் லென்ஸ்தான் இந்த வேலையில் நல்ல தோழன். தூரத்தில் நின்று 3 எக்ஸில் எடுக்கும்போது, முன்னால் உள்ள பழைய கோபுரமும் பின்னால் உள்ள புதிய மாடிகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்.

கண்ணாடிக் கட்டடத்துக்கு வெயில் வேண்டியதில்லை, வானம்தான் வேண்டும். மேகம் துண்டு துண்டாக இருக்கிற மாலைகளில் கட்டடமே வானமாகிவிடும். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் போலரைசர் என்ற வடிகட்டி போடுகிறவர்கள், சுவருக்கு நேரெதிரே நின்றால் அது வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். சுவரோடு 30–40 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். என் கருத்தில், பிரதிபலிப்பை எடுத்துவிட்டால் அந்தக் கட்டடங்களில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஆறாம் படி: அலுவலகம் முடிந்தபின் அந்த இருபது நிமிடம்

சூரியன் மறைந்ததும் பலர் போனைப் பையில் வைத்துவிடுகிறார்கள். மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வானம் ஆழ்ந்த நீலமாகும், கட்டட விளக்குகளும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நமக்கு இது சீக்கிரம் முடிந்துவிடும். ஐரோப்பியப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நவம்பர் கடைசியில் அஸ்தமனம் 5.40க்கே வந்துவிடும். ஆறு மணிக்கு வேலை முடிகிறவர் ஓட வேண்டியிருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் 6.39 வரை சூரியன் இருப்பதால் நிதானமாக வரலாம். கோடையில் வெயில் படாத ரிப்பன் மாளிகையை எடுக்க இதுவே வழி. சுதந்திர தினம், குடியரசு தினத்தையொட்டி மூவண்ண விளக்கு போடும்போது கூட்டமாக இருக்கும், அதையும் சேர்த்தே எடுங்கள்.

டிரைபாட் நடைபாதையை அடைக்கும், செக்யூரிட்டியையும் வரவழைக்கும். கைப்பிடிச் சுவரிலோ உங்கள் லேப்டாப் பையின் மீதோ போனை ஊன்றி, இரண்டு வினாடி டைமர் வைத்து, நைட் மோடில் எடுங்கள். கேமராவானால் நான்கு முதல் பத்து வினாடி திறந்து வைத்தால் அண்ணா சாலைப் பேருந்துகளின் விளக்குகள் கோடுகளாக ஓடும், கட்டடம் அசையாமல் நிற்கும்.

ஏழாம் படி: கிட்டே போங்கள்

முழுக் கட்டடம் ஒரு படம் என்றால், பாகங்கள் பத்துப் படம். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்த இந்தோ சாரசெனிக் பாணிக் கட்டடங்களில் கவிகை மாடங்கள், பல்வளைவுகள், கல்ஜாலிகளை (துளையிட்ட கல் திரைகளை) தேடுங்கள். 1892இல் திறந்த உயர் நீதிமன்றத்தின் 175 அடிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்காகவும் இருந்தது. அதைத் தூரத்திலிருந்து ஜூமில் எடுக்கும்போது உச்சியைக் கவனியுங்கள். பாரிமுனை டேர் ஹவுஸ் 1940ஆம் ஆண்டின் ஆர்ட் டெகோ பாணிக் கட்டடம். அங்கே பார்க்க வேண்டியவை உருண்ட மூலைகள், கிடையாக ஓடும் வெயில் மறைப்புகள். புதிய மாடிக் கட்டடங்களில் ஒரே மாதிரி ஜன்னல் நூறு இருக்கும். அதில் ஏசி பெட்டி வைத்த ஒன்று, துணி காயும் ஒன்று எங்கே என்று தேடுங்கள்.

மின்கம்பிகளையும் விளம்பரப் பலகைகளையும் மெட்ரோ தடுப்புகளையும் பார்த்துச் சலிப்படையாதீர்கள். ஞாயிறு காலை கடைகள் மூடியிருக்கும் பாரிமுனையில் ஓரளவு தப்பலாம். மற்ற நாட்களில் அவற்றையும் படத்துக்குள் விடுங்கள். இன்னும் இருபது ஆண்டில் அந்தப் பலகைகள்தான் படம் எடுத்த காலத்தைச் சொல்லும்.

எட்டாம் படி: செக்யூரிட்டி, சட்டம், மரியாதை

பொது இடத்தில் நின்று கட்டடத்தைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் பாதுகாப்பு வேறு விஷயம். துறைமுகம், கடற்படை, ராணுவ வளாகங்கள், தலைமைச் செயலகம் உள்ள கோட்டைப் பகுதி ஆகியவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். ராஜாஜி சாலையில் நிற்கும்போது துறைமுகம் உங்கள் முதுகுப் பக்கமே இருக்கட்டும். உயர் நீதிமன்றத்தை வளாகத்துக்கு வெளியே, சாலையிலிருந்து மட்டும் எடுங்கள். ட்ரோன் இந்தப் பகுதிகளில் வேண்டவே வேண்டாம். வேறு இடங்களிலும் 2021 ட்ரோன் விதிகளின்படி, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் மண்டல வரைபடத்தைப் பார்த்த பிறகுதான்.

காவலர் கேட்டால் வாக்குவாதம் செய்யாதீர்கள். "அண்ணே, பழைய கட்டடங்களை எடுக்கறது பழக்கம், இதோ பாருங்க" என்று எடுத்த படத்தைக் காட்டுங்கள். அங்கேயே பல வருடம் நிற்கிற மனிதர் அவர். எந்த வேளையில் வெயில் எங்கே விழும் என்பது அவருக்குத்தான் தெரியும். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள். நடைபாதையில் உறங்குகிறவர்களை, குடும்பமாக வசிப்பவர்களைக் கட்டடத்துக்கு அலங்காரமாக்கி எடுக்காதீர்கள். உங்கள் சொந்த அலுவலகக் கட்டடத்தை உள்ளிருந்து எடுக்க நினைத்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திரைகளும் அடையாள அட்டைகளும் படத்தில் இருக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை விட்ட அரை மணி நேரத்தில் காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும், நனைந்த செங்கல் அடர்ந்த சிவப்பாகும். தேங்கிய நீரில் போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே இருக்கும்படி பிடித்தால் முழுக் கட்டடத்தின் பிம்பமும் நீரில் விழும். வடிகால் மூடி திறந்திருக்கும் சாலைகளில் மட்டும் இந்த முயற்சி வேண்டாம்.

பத்தாம் படி: திருத்துவதும் சேர்த்து வைப்பதும்

முதலில் செங்குத்துக் கோடுகளை நேராக்குங்கள். பிறகு வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில்தான் நிறமும் மாறுபாடும். எச்.டி.ஆரை (இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்படுத்தும் வசதியை) அளவுக்கு மீறி இழுத்துவிட்டு வானத்தை ஊதா ஆக்காதீர்கள். கம்பிகளை அழிக்கும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. நான் பயன்படுத்துவதில்லை. ஆவணமாகவும் பயன்படக்கூடிய படத்தில் இல்லாததைக் காட்டக் கூடாது என்பது என் உறுதி.

ஆவணம் என்று பெரிய சொல்லைச் சும்மா சொல்லவில்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. இன்று அதை நினைவுபடுத்திக்கொள்ள யாரோ எடுத்து வைத்த படங்கள்தான் இருக்கின்றன. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897இல் எழுந்தது. அதை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்கு போட்டு நீதிமன்றத்தின் மூலம்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்தை மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுத்து வையுங்கள். நின்ற இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு விளக்குக் கம்பம், ஒரு கடைப்படி போதும். சுவரில் முளைத்த அரசங்கன்று வளர்வது, சுண்ணாம்பு பெயர்வது, புதுப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த வரிசையில் பதிவாகும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கட்டடம், தேதி, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்ற மூன்றையும் சேருங்கள். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று தனி ஹார்ட் டிஸ்கில். நல்லவற்றை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கு உதவும். ஏற்றும்போது, கட்டடத்தின் பெயரை ஊர்க்காரர்கள் வழங்குகிற பெயரோடு சேர்த்துத் தமிழில் எழுதுங்கள். படம் எந்தத் தெருவிலிருந்து, எந்த மாதம், காலையா மாலையா எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.